கட்சிகளுக்கு நம் வரிப்பணம் ஏற்கெனவே போகிறது

அரசியல் கட்சிகளுக்கு அரசே நிதி கொடுக்கலாமே என்று பேச்சை எடுத்தால் போதும், "என் வரிப்பணத்தை இவங்களுக்கு வேற கொடுக்கணுமா?" என்று யாராவது எகிறிவிடுவார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் இப்போது கொடுக்கவில்லை என்று யார் சொன்னது?

முறைப்படி கணக்கு காட்டினால் கட்சிகளின் வருமானத்துக்கு வரி கிடையாது. 1998-லிருந்து தேர்தல் சமயத்தில் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம் கிடைக்கிறது. இதெல்லாம் சரி, பெரிய விஷயம் நன்கொடைக்கான வரிவிலக்கு. பழைய வரி முறையில் 30 சதவீத வரம்பில் இருக்கும் ஒருவர் ஒரு கட்சிக்கு 1 லட்சம் ரூபாயை வங்கி வழியாகக் கொடுத்தால் அவருடைய வரியில் சுமார் 30,000 ரூபாய் குறையும். அது கஜானாவுக்கு வந்திருக்க வேண்டிய பணம். ஆக, அந்த நன்கொடையில் 30,000 ரூபாய் ஊர் சேர்ந்து போட்டது, எந்தக் கட்சிக்கு என்று முடிவு செய்தது மட்டும் அவர் ஒருவர். பேருந்து நிலைய வாசலில் சிவப்புத் துணி சுற்றிய உண்டியலைத் தோழர்கள் குலுக்கிக்கொண்டு வரும்போது, பூ விற்கும் அம்மா மடியிலிருந்து 20 ரூபாய் எடுத்துப் போடுகிறாரே, அதற்கு அரசு ஒரு பைசா சேர்ப்பதில்லை. பணக்காரர் விருப்பத்துக்கு மானியம், ஏழை விருப்பத்துக்கு ஒன்றுமில்லை. என் ஆத்திரமெல்லாம் இந்த இடத்தில்தான்.

இந்த வரிவிலக்கை வைத்து ஒரு வியாபாரமே நடந்தது. பேர் கேள்விப்படாத ஏதோ ஒரு கட்சிக்கு நன்கொடை போடு, ரசீது வாங்கு, கமிஷன் போக மீதி ரொக்கமாகக் கைக்கு வந்துவிடும். மார்ச் மாதம் பிறந்தால் எங்கள் வட்டாரத்தில்கூட இப்படி ஆள் பிடிப்பவர்கள் உண்டு, என்னிடமும் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். பதிவு மட்டும் செய்துவிட்டுத் தேர்தல் பக்கமே வராத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. நல்ல காரியம், ரொம்பத் தாமதமான காரியம்.

ஒரு காலத்தில் இங்கே கட்சிகள் ஜனங்களிடம்தான் கை நீட்டின. 1967 தேர்தலுக்கு அண்ணா 10 லட்சம் ரூபாய் கேட்க, கருணாநிதி ஊர் ஊராகச் சுற்றி 11 லட்சம் திரட்டிக் கொடுத்ததைக் கட்சிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அதே திமுகவுக்கு, கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கியில் வாங்கிக் கட்சிக்குத் தரும் தேர்தல் பத்திரங்கள் மூலம் வந்தது 656.5 கோடி, அதில் 509 கோடி ஒரே ஒரு லாட்டரி நிறுவனத்திடமிருந்து. பாஜகவுக்கு 6,000 கோடிக்கு மேல். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே செல்லாது என்று சொன்ன பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம் முழுதாக வெளியே வந்தது. ஒரே இடத்திலிருந்து 509 கோடி வாங்கிய பிறகு கட்சிக்கு ஊர் ஊராகப் போய் உண்டியல் குலுக்க என்ன தேவை இருக்கிறது?

ஜெர்மனியில் வேறு மாதிரி செய்கிறார்கள். கட்சி வாங்கிய ஓட்டுக்கு ஒரு தொகை, அப்புறம் கட்சி திரட்டிய நன்கொடை, சந்தா ஒவ்வொரு யூரோவுக்கும் அரசு 45 சென்ட். ஆனால் ஒரு தனிநபர் ஆண்டுக்கு 3,300 யூரோ வரை கொடுப்பதற்கு மட்டும்தான் இந்த 45 சென்ட், கம்பெனி கொடுத்தால் அரசு எதுவும் சேர்க்காது. அதோடு, கட்சி தானாகத் திரட்டிய தொகையைவிட அரசுப் பணம் கூடுதலாக இருக்கக் கூடாது. ஜனங்களிடம் போகாத கட்சிக்கு அரசிடமும் வழியில்லை.

நம் ஊருக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். வரிவிலக்கை எடுத்துவிட்டு, ஒரு வாக்காளர் ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரை எந்தக் கட்சிக்குக் கொடுத்தாலும் அதே அளவு அரசும் போடட்டும், பெயரும் வாக்காளர் அடையாள எண்ணும் உள்ள ரசீது இருந்தால் மட்டும். இன்றைக்கு 20,000 ரூபாய்க்குக் குறைவாகக் கொடுத்தவர் பெயரைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் சொல்லவே வேண்டாம், அந்தத் தலைப்பில் கோடிக்கணக்கில் எழுதுகிறார்கள். பெயர் இல்லாவிட்டால் அரசின் பங்கு இல்லை என்றால் கட்சிகளே பெயரைத் தேடி எழுதும். தொண்டர்கள் பெயரில் பணத்தைப் பிரித்துப் போட்டு ஏமாற்றுவார்கள்தான், அதற்குத்தான் ஆளுக்கு 1,000 என்ற வரம்பும் தணிக்கையும்.

ஓட்டுக்குப் பணம் இதனால் நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 2017-ல் ஆர்.கே. நகரிலும் 2019-ல் வேலூரிலும் தேர்தலையே ரத்து செய்யும் அளவுக்குப் பணம் பாய்ந்தது, அதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராத பணம். அதற்குச் செலவு வரம்பு வேண்டும். மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் என்று வரம்பு வைத்திருக்கிறோம், கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. இதைச் சரிசெய்யாமல் அரசு நிதி மட்டும் கொடுத்தால், இருக்கிற பணத்தோடு இதுவும் சேர்ந்து செலவாகும், அவ்வளவுதான்.

1998-ல் அமைக்கப்பட்ட இந்திரஜித் குப்தா குழு அரசு உதவி வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. ரொக்கமாக இல்லாமல் பெட்ரோல், காகிதம், ஒலிபெருக்கி என்று பொருளாகக் கொடுக்கலாம் என்றார்கள், அது இன்னும் ஏட்டில்தான் கிடக்கிறது. ஆனால் உதவி அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும், சுயேச்சைகளுக்குக் கிடையாது என்றார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு ஊரில் ஏரியைக் காப்பாற்றப் போராடிய ஒருவர் தேர்தலில் நிற்கிறார், 2,000 பேர் ஆளுக்கு 100 ரூபாய் கொடுக்கிறார்கள் என்றால், அந்த 2 லட்சத்துக்கு அரசு இன்னொரு 2 லட்சம் போடுவதில் என்ன தப்பு?