காயலாங்கடை டைபோலும் கறுத்த கேபிளும்

பழைய விஎச்எஃப் (மிக உயர் அலைவரிசை) டைபோல் ஆன்டெனா தேடி அலையும் ஹாம் (பொழுதுபோக்கு வயர்லெஸ்) நண்பர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விற்பவர் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை (அனுப்பும் பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது; 1-ஐ நெருங்க நெருங்க நல்லது) நம்பிக் காசு கொடுக்காதீர்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சென்னையில் பழைய வயர்லெஸ் சாமான்களை மொத்தமாக எடுத்து விற்கும் ஒரு கடை. ஏதோ ஒரு கம்பெனி மொட்டை மாடியிலிருந்து இறக்கிய ஃபோல்டட் டைபோல் (இரு முனையிலும் வளைத்து மூடிய குழாய்), கூடவே 20 மீட்டர் ஆர்ஜி-213 என்ற தடித்த கோஆக்ஸ் கேபிள். லேபிள் வெயிலில் வெளுத்து, ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. கடைக்காரர் கேபிளின் மறுமுனையில் மீட்டரை மாட்டி 145 மெகாஹெர்ட்ஸில் வயர்லெஸ் செட்டின் பிடிடி (பேசும் பட்டன்) அழுத்திக் காட்டினார். "1.3 சார்! புது ஆன்டெனாவே இப்படிக் காட்டாது."

நான் டேப்பை எடுத்து டைபோலை அளந்தேன். முனைக்கு முனை 89 செ.மீ. லேபிள் இல்லாத டைபோலை அடையாளம் காண இதைவிட நல்ல வழி கிடையாது. 143-ஐ மீட்டரில் உள்ள நீளத்தால் வகுத்தால், அது எந்த மெகாஹெர்ட்ஸுக்குக் கட்டியது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். இங்கே வந்தது 160. அதாவது கம்பெனி வயர்லெஸ்காரர்களின் ஆன்டெனா. நம்முடைய 144–146 பேண்டுக்கு 98 செ.மீ. வேண்டும். 9 செ.மீ. குட்டையான டைபோல் 145-இல் 1.3 காட்டுகிறது என்றால், ஆன்டெனாவை விட்டுவிட்டு கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆன்டெனாவைக் கழற்றி, கேபிளின் மேல்முனையைத் திறந்தபடி விட்டு, கையோடு கொண்டுபோன நேனோ விஎன்ஏ என்ற சின்னச் சோதனைக் கருவியில் எஸ்டபிள்யூஆர் பார்த்தேன். திறந்த முனையிலிருந்து பவர் முழுவதும் திரும்பும் என்பதால் இங்கே எண் பெரிதாக இருந்தால்தான் கேபிள் நல்லது; 20 மீட்டர் நல்ல ஆர்ஜி-213 என்றால் 5-ஐ ஒட்டியாவது காட்ட வேண்டும். இது 2 காட்டியது. போகவர 9.5 டெசிபல் இழப்பு. ஒரு வழிக்கு மட்டும் ஏறக்குறைய 4.8. பத்து வாட் அனுப்பினால் மேலே சேருவது மூன்று வாட்தான், மிச்சமெல்லாம் கேபிளிலேயே சூடாகிப் போகும். ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவரும் வழியிலேயே கரைந்துவிடுவதால், மீட்டருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். கெட்ட கேபிள் அழகான எஸ்டபிள்யூஆர் காட்டும். கேபிள் இல்லாமல் டைபோலை நேரடியாகச் சோதித்தபோது 145-இல் 2.6 வந்தது. அதுதான் உண்மை.

இதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். "ஆன்டெனா தனியா தர மாட்டேன் சார், செட்டாத்தான்" என்றார். எவ்வளவு பேசியும் இறங்கி வரவில்லை. வேண்டாத கேபிளுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். வீட்டில் மேல் கனெக்டரை அறுத்துப் பார்த்தால் நடு பின்னில் பச்சைப் பொடி பூத்திருந்தது; உறையை உரிக்க உரிக்க பின்னல் கம்பி தார் பூசியதுபோல் கறுத்து வந்தது. ஒரு முழம் தள்ளி அறுத்தேன், அங்கும் அதே கறுப்பு.

அதே கடையில் ஒரு பையன் இன்னொரு டைபோலுக்கு மல்டிமீட்டர் பஸ்ஸர் வைத்துப் பார்த்து, "ஷார்ட்டுண்ணா, டெட்" என்று எடைக்குப் போடும் குவியலில் எறிந்தான். இந்த வகை டைபோலின் நடுப்பகுதியை பூமோடு (தாங்கும் குழாயோடு) சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். டிசிக்கு ஷார்ட் காட்டுவது அதன் இயல்பு, ஸ்டேட்டிக் சார்ஜ் இறங்க அதுதான் வழி. அதை அலுமினிய விலைக்கு அள்ளிக்கொண்டு வந்தேன். அந்த ஒன்றில்தான் மனசு கொஞ்சம் ஆறியது.

இதற்கு முன்பே ஆவடிவரை ஒரு வீண் அலைச்சல். போனில் "விஎச்எஃப் ஆன்டெனா" என்று சொன்னார்கள். போனால் தூர்தர்ஷன் காலத்து டிவி ஆன்டெனா. சென்னையின் பழைய நான்காம் சேனல் 61–68 மெகாஹெர்ட்ஸ் என்பதால் டைபோல் இரண்டு மீட்டரைத் தாண்டும். போவதற்கு முன் போனிலேயே நீளத்தைக் கேட்டுவிடுங்கள். அந்தக் குழாய் வீணாகவில்லை என்பது ஒரு ஆறுதல். டைபோலை நீட்டுவதற்கு இணைப்புக் குழாய் அதிலிருந்துதான் வெட்டினேன்.

நீட்டும் வேலை இதுதான். இரு முனைகளிலும் வளைவை அறுத்தெடுத்து, இடையில் குழாய் செருகி, பக்கத்துக்கு நாலரை செ.மீ. கூட்டி கிளாம்ப் போட்டு இறுக்கினேன். இத்தோடு விட்டால் பாதி வேலைதான். கேபிள் சேரும் பெட்டிக்குள் இருக்கும் அரை அலை கோஆக்ஸ் பாலனும் (கேபிளை டைபோலோடு பொருத்தும் துண்டு) பழைய அலைவரிசைக்கு வெட்டியதுதான், ஏறக்குறைய 62 செ.மீ. அதை எடுத்துவிட்டு 68 செ.மீ. ஆர்ஜி-58 கேபிள் போட்டேன். 145-இல் எஸ்டபிள்யூஆர் 1.4-க்கு இறங்கியது. எனக்கு அது தாராளம். செம்புக் கம்பியை அலுமினியத்தில் நேராகத் தொட விடாதீர்கள், நம் கடற்கரைக் காற்றில் சீக்கிரமே அரித்துவிடும். ஈயம் பூசிய லக், எஸ்எஸ் போல்ட் போடுங்கள். பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டை அவசியம்.

புதுக் கேபிளோடு மாடியில் ஏற்றியாயிற்று. டிவி ஆன்டெனா மாதிரி படுக்க வைக்காமல் செங்குத்தாகவே கட்டுங்கள், எஃப்எம்மில் எல்லோரும் செங்குத்துதான். செங்கல்பட்டு நண்பர் 145.500-இல் முன்பு இரைச்சலுக்குள் அமுங்கிப் போவார். இப்போது ஐந்து வாட்டில் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது.

பையன் எறிந்த டைபோலையும் நீட்டிவிட்டேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி இணைக்க, கேபிளுக்குள் முக்கால் அலை நீளத்தில், அதாவது 102 செ.மீ. வீதம், இரண்டு துண்டு 75 ஓம் ஆர்ஜி-11 கேபிள் வேண்டும். ரிச்சி தெருப் பக்கம் நல்ல சரக்கு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெட்டிக் காட்டச் சம்மதிக்கும் கடையாக இருக்க வேண்டும், உள்ளே பின்னல் கம்பியைப் பார்க்காமல் இனி நான் வாங்குவதாக இல்லை.