பிஸ்கட் டப்பா நெகடிவ்களுக்கு எந்த ஸ்கேனர்?

அப்பா போன பிறகு ஊர் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு தகர பிஸ்கட் டப்பா இறங்கியது. மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் ஏறியது. உள்ளே முழுக்க நெகடிவ். சில, ஸ்டூடியோ முத்திரை குத்திய காகித உறைக்குள் பத்திரமாக இருந்தன. சிலவற்றைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார், அந்த ரப்பர் இளகி பிலிமிலேயே ஒட்டிப்போயிருந்தது. இவற்றில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டில் பிரிண்டே கிடையாது. அப்போதெல்லாம் ரோலைக் கழுவி, கையில் இருக்கும் காசுக்குத் தக்கபடி நான்கைந்து படத்தை மட்டும் பிரிண்ட் போடுவார்கள், மற்றவை நெகடிவாகவே தங்கிவிடும்.

அன்று இரவே எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தேன். மூன்று வாரம் தேடியும் குழப்பம்தான் மிஞ்சியது, ஏனென்றால் டப்பாவில் என்ன இருக்கிறது என்று நான் இன்னும் சரியாகப் பார்க்கவே இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருந்தால் தயவுசெய்து முதலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து எல்லாவற்றையும் வகை பிரியுங்கள். என்ன அளவு, கறுப்பு வெள்ளையா கலரா, நெகடிவா, நிறம் நேராகவே தெரியும் ஸ்லைடா, பூஞ்சை பிடித்திருக்கிறதா. ஸ்கேனர் முடிவு பாதி அங்கேயே ஆகிவிடும். வினிகர் வாடை வருபவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சிதையத் தொடங்கினால் வினிகரில் இருக்கும் அதே அமிலம் வெளியாகும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அவைதான் முதலில் ஸ்கேன் ஆக வேண்டியவை.

எங்கள் டப்பாவில் முக்கால்வாசி 120 ரோல், 6x6 சென்டிமீட்டர் கறுப்பு வெள்ளை. அப்பாவிடம் இருந்தது ஆக்ஃபா கிளிக் 3, ஒரு ரோலுக்கு 12 படம். அந்தக் கேமரா இல்லாத ஊரே இல்லை என்று சொல்லலாம். டப்பாவின் அடியில் காலி பிலிம் அட்டைப்பெட்டி ஒன்றும் கிடந்தது, ‘இந்து’ பிலிம். இந்து என்றால் நிலா. 1960-ல் தொடங்கப்பட்டு ஊட்டியில் இயங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்தது. நம் மலையில் செய்த பிலிமில்தான் என் அத்தைகளின் கல்யாணம் பதிவாகியிருக்கிறது என்று நினைத்தபோது அந்த அட்டைப்பெட்டியையும் தூக்கிப்போட மனம் வரவில்லை. மீதி, 80-களின் கடைசியிலிருந்து எடுத்த 35 எம்எம் கலர் நெகடிவ்கள். அப்புறம் ஒரு முப்பது ஸ்லைடு.

இப்படிப் பிரித்ததும் பட்டியலில் இருந்த பல ஸ்கேனர் பெயர்கள் தாமாகவே கழன்றுகொண்டன. பிளஸ்டெக் 8200i என்ற பிலிம் ஸ்கேனர் மீது எனக்கு ஆசை இருந்தது. 35 எம்எம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்குள் 120 நுழையவே நுழையாது. நிகான் கூல்ஸ்கேன் வரிசையை எல்லாரும் புகழ்கிறார்கள், அது நியாயமான புகழ்ச்சிதான். ஆனால் நிகான் அவற்றைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, 120 எடுக்கும் 8000, 9000 மாடல்களுக்கு ஃபயர்வயர் என்ற பழைய கேபிள் இணைப்பு வேறு வேண்டும். பழுதானால் யாரிடம் கொண்டுபோவது? சின்னத் திரையோடு வரும், பட்டனை அழுத்தினால் படம் வரும் மலிவான பெட்டிகள் உண்மையில் உள்ளே ஒரு சின்ன கேமரா வைத்தவை. ஆல்பம் போல ஒருமுறை புரட்டிப் பார்க்க அவை போதும், பாதுகாத்து வைக்கப் போதாது.

கடைசியில் வாங்கியது எப்சன் வி600, ஜெராக்ஸ் மெஷின் போலக் கண்ணாடி மேல் வைத்து எடுக்கும் ஃபிளாட்பெட் ஸ்கேனர், ஒருவர் பயன்படுத்தியது.

இதில் டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். வி600 பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருக்கும். சோதித்துப் பார்த்தவர்கள் கணக்கில் அது உண்மையில் பிரித்துக் காட்டும் விவரம் 1500 டிபிஐ-யைச் சற்றுத் தாண்டினால் அதிகம். பிளஸ்டெக்கில் 7200 என்று இருக்கும், கிடைப்பது 3000-க்குச் சற்று மேல். 35 எம்எம் படத்தின் அளவு 24x36 மில்லிமீட்டர்தான். அதை 1500 டிபிஐ-யில் கணக்கிட்டால் மூன்று மெகாபிக்சல் கிடைக்கும், தபால் அட்டை அளவுப் பிரிண்டுக்குச் சரி, பெரிதாக்கினால் கலங்கிவிடும். ஆனால் 6x6 நெகடிவில் படம் கிட்டத்தட்ட 56 மில்லிமீட்டர் சதுரம். அதே ஸ்கேனர், அதே 1500, கிடைப்பது பத்து மெகாபிக்சலுக்கும் மேல். பெரிய பிலிமுக்கு ஃபிளாட்பெட் ஸ்கேனரே தாராளம் என்பது எனக்குப் புரிந்தது இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான். நான் 2400-ல் வைத்து 16 பிட் கறுப்பு வெள்ளை டிஃப் (TIFF, தரம் குறையாத படக்கோப்பு) கோப்பாக எடுக்கிறேன், ஒரு படம் சுமார் 56 எம்பி. 6400-ல் வைத்தால் கோப்பு ஏழு மடங்கு வீங்கும், படத்தில் எதுவும் கூடாது.

அடுத்து தூசி. டிஜிட்டல் ஐஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. ஸ்கேனர் அகச்சிவப்புக் கதிரையும் பிலிம் வழியே ஒருமுறை அனுப்பும். கலர் பிலிமின் சாயங்கள் அதை அப்படியே கடந்துபோக விடும், தூசியும் கீறலும் மறிக்கும். எங்கே மறித்ததோ அங்கே மென்பொருள் ஒட்டுப்போடும். கலர் நெகடிவில் இது செய்யும் வேலையைப் பார்த்து அசந்துபோனேன். ஆனால் கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள்தான், வெள்ளி அகச்சிவப்பை மறிக்கும், அதனால் ஸ்கேனர் படத்தையே தூசி என்று எண்ணி அழிக்கப் பார்க்கும். ஆகவே பெரும்பாலும் கறுப்பு வெள்ளை வைத்திருப்பவர் இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. நல்ல ஊதும் பல்பு ஒன்றும் பருத்திக் கையுறையும் வாங்குங்கள், மின்விசிறியை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

அண்ணன் மகன் கேமராவிலேயே எடுத்துவிடலாம் என்றான். அவனிடம் 24 மெகாபிக்சல் கேமராவும் மேக்ரோ லென்சும் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முயன்றோம். கேமரா பிலிமுக்கு நேர் இணையாக இருக்க வேண்டும், அதற்கு அவன் பிலிம் வைக்கும் இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, லென்சின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழும்வரை சரிசெய்தான், அழகான உத்தி. வேகத்தில் இதை எதுவும் நெருங்க முடியாது, ஒரு ரோல் பத்தே நிமிடம். கலர் நெகடிவின் ஆரஞ்சு நிறத்தைக் கழித்துச் சரியான நிறம் கொண்டுவருவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது, அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். அகச்சிவப்பும் கிடையாது. எங்கள் கலர் நெகடிவ்களில் கடலோர ஈரக்காற்றின் பூஞ்சை அங்கங்கே கோலம் போட்டிருப்பதால் அவற்றை ஸ்கேனருக்கே விட்டேன். சுத்தமான நெகடிவ் நூற்றுக்கணக்கில் இருந்தால் கேமரா வழிதான் நல்லது.

ஸ்லைடுகளை இன்னும் தொடவில்லை. ஸ்லைடின் கருமை நெகடிவைவிட மிக அடர்த்தி, அந்த நிழலுக்குள் இருப்பதை வி600 சேறாக்கிவிடுகிறது. இரண்டு போட்டுப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. யாரிடமாவது பிளஸ்டெக் இரவல் வாங்கி முப்பதையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்.

இன்னொன்று, பிலிமில் பளபளப்பான பக்கம், மங்கிய பக்கம் என்று இரண்டு உண்டு. மாற்றி வைத்தால் படம் இடவலம் மாறிவிடும். கடைப் பெயர்ப்பலகை தெரியும் படமாக இருந்தால் உடனே பிடித்துவிடலாம், முகம் மட்டும் இருந்தால் தெரியாது. பெரியம்மாவின் படத்தில் எனக்கு அதுதான் நடந்தது. கிணற்றடியில் குடத்தோடு நிற்கிறார், பதினெட்டு வயது இருக்கலாம், அந்தப் படத்துக்குப் பிரிண்டே இருந்ததில்லை. அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அக்காவுக்கு மூக்குத்தி அந்தப் பக்கம் இல்லையே” என்றார். திருப்பிப் போட்டு மறுபடி ஸ்கேன் செய்தேன். பூஞ்சை வானத்தில்தான் அதிகம், அதை அப்படியே விட்டுவிட்டு, முகத்தில் இருந்த நான்கு புள்ளிகளை மட்டும் இரண்டு மாலை உட்கார்ந்து கையால் எடுத்தேன். திரையில் மூக்குத்தியின் கல் வரை தெரிந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணு, குடத்துல பேரு வெட்டியிருக்கும்” என்றார்.