குட்டை உடம்புக்கு ஏர்சாஃப்ட் வெஸ்ட்: அளவெடுத்து, மாட்டி, ஓடிப் பார்த்தது

இங்கிலாந்தில் கென்ட் பக்கத்துக் காடுகளில் ஏர்சாஃப்ட் ஆடுகிறேன். 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு, முகத்துக்குக் கவசம், இரண்டு அணி, நாள் முழுக்க மண்ணும் மரமும். வாடகைத் துப்பாக்கியோடு ஆடும்வரை கூடுதல் மேகசினை (துப்பாக்கியில் செருகும் குண்டுப் பெட்டி) கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஓடினால் போதும். சொந்தத் துப்பாக்கி வந்ததும் மேகசின்கள், குண்டு பாட்டில், தண்ணீர், ரேடியோ என்று சாமான் கூடிவிட்டது. அதையெல்லாம் சுமக்கப் பைகள் மாட்டிய கையில்லா மேலுடை, அதாவது ஒரு வெஸ்ட் வேண்டும்.

என் உயரம் 165 செ.மீ. கால்களோடு ஒப்பிட்டால் உடம்பு குட்டை, மார்பு ஒடுக்கம். கடையில் தொங்குகிற வெஸ்ட்கள் பலவும் ஆறடி ஆட்களை மனத்தில் வைத்துத் தைத்தவை. நம்மவர்களில் என் உடல்வாகு உள்ளவர்கள் நிறையப் பேர் என்பதால், இந்த வருடம் நான் மாட்டிப் பார்த்ததையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

முதலில் வெஸ்ட் எதற்கு என்று தெளிவாக வேண்டும். இங்கே 2017இல் வந்த சட்டப்படி, தொடர்ந்து சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல் என்பது உச்சவரம்பு. 0.20 கிராம் குண்டுக்கு நொடிக்கு 350 அடி என்பது பல களங்களில் உள்ள வரம்பு. கணக்குப் போட்டால் 1.14 ஜூல் வரும். தடித்த சட்டை போட்டிருந்தால் உடம்பு தாங்கும். கட்டாயம் காக்க வேண்டியது கண்ணும் பல்லும். அதற்கு வெஸ்ட் உதவாது, நல்ல கண்ணாடியும் முகமூடியும்தான் வேண்டும். ஆக, வெஸ்ட் நமக்குச் சுமைதூக்கி. கவசம் என்று நினைத்து எடுப்பவர்கள் தேவையில்லாத கனத்தை வாங்கிக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து.

அளவெடுத்தது

சட்டை வாங்கும்போது மார்புச் சுற்றளவைப் பார்ப்போம். வெஸ்டுக்கு அது இரண்டாம்பட்சம். தொண்டைக்குழியிலிருந்து தொப்புள் வரை உள்ள நீளம்தான் முதல் அளவு. டேப்பை இரண்டு காறை எலும்புகளுக்கு நடுவே உள்ள குழியில் வைத்து நேராக இறக்கினேன்: 36 செ.மீ.

இதை ஏன் பார்க்கிறோம் என்றால், மார்பிலும் முதுகிலும் தகடு செருகும், பிளேட் கேரியர் எனப்படும் வெஸ்ட்களின் அளவு அமெரிக்க ராணுவத் தகடுகளை ஒட்டி வந்தது. நடுத்தர அளவுத் தகடு 9.5 அங்குல அகலம், 12.5 அங்குல நீளம். நீளம் மட்டும் கிட்டத்தட்ட 32 செ.மீ. விளையாட்டுக்கு வரும் ஸ்பாஞ்சுத் தகடுகளும் இதே அளவைத்தான் பின்பற்றுகின்றன. தகட்டின் மேல்விளிம்பு தொண்டைக்குழி மட்டத்தில் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் என் உடம்பில் தொப்புளுக்கு மேலே 4 செ.மீ. மிஞ்சும். வெஸ்டின் அடிமடிப்பும் பட்டையும் அந்த நான்கையும் தின்றுவிடும். நின்றுகொண்டு கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தால் தொடை கீழிருந்து வெஸ்டைத் தள்ளும், வெஸ்ட் மேலேறித் தாடையை முட்டும். காட்டில் ஆடுகிறவர் நிற்பதைவிட முழங்காலில் இருப்பதுதான் அதிகம்.

சிறிய அளவுத் தகடு 8.75 அங்குலத்துக்கு 11.75 அங்குலம். நீளம் 30 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு 6 செ.மீ. மிஞ்சுகிறது. மேசையில் பார்த்தால் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். குனியும்போது மூச்சு விடுவதற்கும் திணறுவதற்கும் உள்ள வித்தியாசம்.

அப்புறம், விளம்பரத்தில் ‘எல்லா அளவுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தால், பட்டையை எவ்வளவு தளர்த்தலாம் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு இறுக்கலாம் என்று விசாரியுங்கள். ஒல்லியானவர்களுக்கு அந்தக் கீழ்வரம்பில்தான் சிக்கல். முழுக்க இறுக்கிய பிறகும் விலாவில் இரண்டு கை நுழைகிற இடைவெளி இருந்தால், ஓடும்போது வெஸ்ட் இடம் வலம் ஆடும். மாலைக்குள் அக்குள் சிவந்துவிடும்.

இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தவை

எங்கள் அணியில் ஆளுக்கொரு வெஸ்ட் இருந்ததால் கடைக்குப் போகும் முன்பே பலவற்றைக் களத்தில் போட்டுப் பார்க்க முடிந்தது.

நடுத்தர அளவு பிளேட் கேரியரில் மேலே சொன்ன தாடை முட்டல் அப்படியே நடந்தது. அதைவிட எனக்குப் பெரிய தொல்லையாகப் பட்டது தோள்பட்டை. கேரியரின் தோள்பட்டையில் தடித்த மெத்தை இருந்தால், துப்பாக்கியின் பின்கட்டை பதிய வேண்டிய குழியில் மெத்தை வந்து உட்கார்ந்துவிடுகிறது. கட்டை வெளிப்பக்கமாக வழுக்கும். அதைப் பிடித்து நிறுத்தக் கழுத்தைச் சாய்க்க வேண்டும். முகமூடியின் கன்னம் வேறு இடிக்கும். குறி கிடைக்க ஒவ்வொரு முறையும் அரை நொடி கூடப் போகிறது. வெஸ்ட் வாங்கப் போகும்போது துப்பாக்கியையும் முகமூடியையும் பையில் கொண்டுபோங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய ஆஸ்ப்ரே கவச உறை இங்கே உபரிச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். உறுதியான துணி, தையல் பிரியாது. ஆனால் உள்ளே மென்கவசமும் தகடும் நிரப்பி அணியத் தைத்த உறை அது. வெறுமனே போட்டால் சரிந்து தொங்குகிறது. நிரப்பினால் என் அகலத்துக்கு அது மிக அதிகம். கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவர முடியவில்லை. அகன்ற தோளுள்ள ஒரு நண்பர் அதையே வருடக்கணக்காகச் சந்தோஷமாகப் போடுகிறார், அவர் உடம்புக்கு அது சரி.

அதே ராணுவத்தின் முந்தைய காலத்துப் பிஎல்சிஇ பெல்ட் பைகளையும் கட்டிப் பார்த்தேன். சுமை இடுப்பில், தோளில் மெல்லிய நுகம், மார்பு முழுக்கக் காலி. நடக்கச் சுகம். தரையோடு தரையாகப் படுக்க இதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. ஆனால் காரிலோ மரத்தடியிலோ சாய்ந்து உட்கார்ந்தால் பின்பைகள் முதுகைத் தள்ளும். பக்கவாட்டுப் பையிலிருந்து மேகசின் எடுக்க முழங்கை வெளியே நீளும், மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறவரைக் காட்டிக்கொடுப்பது அந்த முழங்கைதான்.

கடைசியாக செஸ்ட் ரிக். மார்புக்குக் குறுக்கே மேகசின் பைகள், முதுகில் பட்டைகள் மட்டும். சீனாவில் ஏகே துப்பாக்கிக்காகத் தைத்த டைப் 56 மார்புப் பை வியட்நாம் போரில் பரவலாகத் தெரியவந்தது. இப்போதைய ரிக்குகளிலும் அதே எண்ணம்தான். தகட்டுக்கு இடம் இல்லாததால் உயரம் குறைவு. நான் போட்டுப் பார்த்தது மேலிருந்து கீழ் 17 செ.மீ. என் 36இல் பாதிகூட இல்லை. தொண்டைக்குழிக்கு நாலு விரல் கீழே ஆரம்பித்தாலும் வயிறு முழுக்க மடங்க இடம் இருக்கிறது. முழங்காலில் உட்கார்ந்தேன், குந்தினேன், விழுந்த மரத்தைத் தாண்டினேன், எதுவும் முட்டவில்லை. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

இதில் முதுகுப்பட்டையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பெருக்கல் குறிபோல் குறுக்கே போகும் பட்டை கழுத்தோரத்தை அறுக்கும், சரிந்த தோள் உள்ளவர்களுக்கோ அதுதான் நழுவாது. இரண்டு பட்டையும் நேராக இறங்கி நடுவில் ஒரு குறுக்குப்பட்டை இணைப்பது இன்னொரு வகை. என் தோளுக்கு அதுவே ஒத்துவந்தது. பட்டை அகலமாகவும் தட்டையாகவும் இருக்கட்டும், மெத்தை வேண்டாம். ரிக்கில் ஏற்றும் எடைக்கு மெத்தை தேவைப்படாது.

பைகளை அடுக்கியது

பைகளைக் கோத்து மாட்டுவதற்கான, மாலி என்று சொல்கிற பட்டை முறை இப்போது பெரும்பாலான வெஸ்ட்களில் வந்துவிட்டது. ஓர் அங்குல அகலப் பட்டைகள், இடையே ஓர் அங்குல இடைவெளி, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். இந்தக் கணக்கு தெரிந்தால் வாங்கும் முன்பே காகிதத்தில் அடுக்கிப் பார்க்கலாம். எம்4 ரகத் துப்பாக்கியின் மேகசின் பை ஒன்று இரண்டு கட்டங்களை எடுத்துக்கொள்ளும், அதாவது 3 அங்குலம். மூன்று பைகள் சேர்ந்தால் 9 அங்குலம், ஏறக்குறைய 23 செ.மீ. என் மார்பின் முன்பகுதி அதோடு முடிந்துவிடுகிறது. நாலாவது பை விலாப்பக்கம் போய்விடும்; கை தானாகத் தேடிப் போகாத இடம்.

அதனால் மூன்று மேகசின், ஒரே அடுக்கு. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வைத்தால் படுக்கும்போது உடம்பு தரையிலிருந்து அவ்வளவு உயர்கிறது, தலையும் கூடவே உயர்கிறது. மிட்கேப் எனப்படும் நடுத்தரக் கொள்ளளவு மேகசினில் 120 குண்டு அளவில் பிடிக்கும். துப்பாக்கியில் ஒன்று, மார்பில் மூன்று. ஒரு சுற்று ஆட்டத்துக்குத் தாராளம். சக்கரம் சுற்றும் பெரிய மேகசின் ஒன்றே போதுமே என்று கேட்பார்கள். ஓடும்போது அது கிலுகிலுவென்று சத்தம் போடும். பதுங்கி ஆடுகிறவருக்கு ஆகாது.

ரேடியோ இடது விலாவில். காலி மேகசின் போடும் பை பின்னிடுப்பில், பெல்ட்டில். தண்ணீரும் பெல்ட்டுக்கே போய்விட்டது. மேலே ஆவணப் பை, டார்ச் பை என்று நண்பர்கள் மாட்டித் தந்ததைக் கழற்றினேன். கீழே குனிந்து மேகசினைப் பார்க்கும்போது முகமூடியின் தாடை அந்தப் பையில் இடித்தது. மார்பின் மேல்பகுதி வெறுமையாக இருந்தால்தான் கழுத்து சுதந்திரமாகத் திரும்பும்.

பட்டைகளை இறுக்கிய பிறகு மிஞ்சிய வால்களைச் சுருட்டி எலாஸ்டிக் போட்டுக் கட்டினேன். முள்செடிகள் அவற்றைத்தான் முதலில் பிடிக்கின்றன.

பட்டது தெரிய வேண்டும்

இதை எந்த விற்பனைப் பக்கமும் சொல்வதில்லை. ஏர்சாஃப்ட்டில் குண்டு சாயம் பூசாது. பட்டவர் தானே கையை உயர்த்தி ‘ஹிட்’ என்று கத்தி வெளியேற வேண்டும். முழு ஆட்டமும் அந்த நேர்மையில் நிற்கிறது. வெஸ்டில் பட்டாலும் பட்டதுதான். ஸ்பாஞ்சுத் தகடு, அதன் மேல் பைகள், உள்ளே குளிர்கோட்டு என்று அடுக்கிவிட்டால் தூரத்திலிருந்து வரும் குண்டு பட்டதே உடம்புக்குத் தெரியாது. சுட்டவர் நம்மை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். எனக்கு அது பொறுக்காது. பிளேட் கேரியர்தான் பிடிக்கும் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: வாங்கியதும் நண்பர் ஒருவரை முப்பது அடி தள்ளி நிறுத்தி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் சில குண்டுகள் சுடச் சொல்லிப் பாருங்கள். உணர்வும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் தகட்டை வெளியே எடுத்துவிடுங்கள். செஸ்ட் ரிக்கில் முதுகு முழுக்கத் திறந்திருப்பதால் பின்னாலிருந்து படுவது நன்றாகவே தெரிகிறது.

பெயிண்ட்பாலில் கணக்கு வேறு. 0.68 அங்குலக் குண்டு உடைந்து சாயம் ஒட்டினால்தான் செல்லும், அதனால் மெத்தென்ற வெஸ்டில் பட்டுத் துள்ளிப் போவது உண்டு. அங்கே வெஸ்ட் வலியைக் குறைக்கிற வேலையையும் செய்கிறது. கூடுதல் குண்டுக் குழாய்களைப் பின்னிடுப்புப் பெல்ட்டில் செருகிக்கொள்வது வழக்கம். ஊர்ந்து, சறுக்கி ஆடுகிற ஆட்டத்தில் மார்பில் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே வெஸ்ட் என்று தேடாதீர்கள்.

நிறம்

வெற்றுப் பச்சை எடுத்தேன். ரேஞ்சர் கிரீன் என்று விற்பது. காட்டில் அது போதுமான அளவுக்கு மறையும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், என்னோடு காரில் வரும் நண்பரின் குடும்பம் யாழ்ப்பாணம். அவர் அம்மா போரின்போது அங்கே இருந்தவர். ஆட்டம் முடிந்து அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுவோம். புள்ளிபோட்ட ராணுவத் துணி அந்த வீட்டு வாசலுக்குள் போகக் கூடாது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருக்கிறோம். அவர் கேட்டதில்லை. கேட்க வைக்கவும் கூடாது. எல்லாச் சாமானும் பூட்டிய பையில், பை காரின் டிக்கியில்.

நவம்பர் நிலவரம்

குளிர் வந்ததும் எல்லா அளவும் மாறியது. உள்ளே கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் சேர்ந்தால் சுற்றளவு 8 செ.மீ. கூடுகிறது. கோடைக்கும் குளிருக்கும் பட்டையில் வெவ்வேறு நிற நூலால் அடையாளத் தையல் போட்டிருக்கிறேன். இருட்டுக் காலையில் கார் நிறுத்துமிடத்தில் நின்று தடவிக்கொண்டிருக்க வேண்டாம்.

துணி 500 டெனியர் நைலான். 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில் எவ்வளவோ அதுதான் டெனியர். 1,000 டெனியர் இன்னும் தடிமன், முள்ளைத் தாங்கும், ஆனால் விறைப்பு. ஒல்லியான உடம்பில் விறைப்பான துணி வளைந்து ஒட்டாமல் விளிம்பில் தூக்கி நிற்கிறது, எனக்கு 500தான் சரி. மழையில் நனைந்து வந்தால் பைகளைக் கழற்றி, மண்ணைக் குளிர்ந்த நீரில் கழுவி, நிழலில் தொங்கவிடுகிறேன். ஹீட்டர் மேல் போட்டால் உட்பூச்சு உரியும்.

பாக்கி இருப்பது பின் குறுக்குப்பட்டை. ஏறி இறங்கும்போது அது இரண்டு விரல் மேலே நகர்கிறது, அப்போது ரிக்கின் கீழ்விளிம்பு மார்பிலிருந்து விலகுகிறது. பட்டையை 5 செ.மீ. கீழே இறக்கித் தைத்துப் பார்க்கப் போகிறேன். டிசம்பரில் ஒரு கட்டடத்துக்குள் ஆட்டம் இருக்கிறது. படிக்கட்டுகள் நிறைய உள்ள இடம். அங்கே எப்படி உட்காருகிறது என்று பார்த்துவிட்டு அளவுகளோடு எழுதுகிறேன்.