நீல டிக்

பிப்ரவரி 2, திங்கள்
ஆறாம் வகுப்புக்கு இணையக் கேலி பற்றி இந்த வருடம் நான் பாடம் எடுக்கப்போவதில்லை. போன வருடம் எடுத்தேன். பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள், மறுநாளே ஒருத்தி கொட்டாவி விடும் படம் ஸ்டிக்கராகச் சுற்றியது. இந்த முறை ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆறு பேர் எடுப்பார்கள். முதல் ரேங்க்காரர்களாகப் பொறுக்கவில்லை. நாலு வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் ஒருவன், மீம் போட்டே பெயர் வாங்கியவள் ஒருத்தி. சின்னதுகள் இவர்கள் பேச்சைத்தான் கேட்கும்.

பிப்ரவரி 5, வியாழன்
பயிற்சி. பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி குழுவினர் 1996இல் பிரித்த பாத்திரங்களைப் பலகையில் எழுதினேன்: வம்பிழுப்பவர், துணைபோகிறவர், சிரித்து ஏற்றிவிடுபவர், ஒதுங்கி நிற்பவர், பரிந்து பேசுபவர், மாட்டிக்கொண்டவர். "சும்மா ஸ்மைலி போட்டவன் எதுல மிஸ் வருவான்?" என்றாள் மீம்காரி. நான் வாய் திறக்குமுன் அவளே மூன்றாவதைச் சுழித்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு விதி வைத்தேன்: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. விஷயம் பெரிதென்றால் பெரியவரிடம் வந்தாக வேண்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்
பாதுகாப்பான இணைய நாள். நான் கடைசி பெஞ்சில். சார்ட்டில் குரூப் மாதிரி வரைந்து, ஸ்டிக்கர் ஒன்று ஒட்டி, ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் பதில் எழுதச் சொன்னார்கள். எட்டு சிரிப்பு, மீதி வெறும் சீட்டு. அப்போது ஒரு பையன் எழுந்தான்.

"நிஜமாவே நடந்துச்சுக்கா. 'எடுத்துடுங்கடா'ன்னு போட்டேன். டிக் நீலமாச்சு. குரூப்ல எல்லாரும் பாத்தாதானே நீலமாகும்?"

அட்மின் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகுதான் பேசினான்: குரூப்பில் சண்டை போடத் தைரியம் இல்லையென்றால் பரவாயில்லை, கேலிக்கு ஆளானவனுக்குத் தனியாக 'நான் இருக்கேன்டா' என்று அனுப்பு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, ஆனால் யாருக்கும் அனுப்பாதே.

பிப்ரவரி 12, வியாழன்
ஆறு பேரும் வந்தார்கள். மீம்காரிதான் ஆரம்பித்தாள். "மிஸ், கேட்டா திட்டக் கூடாது. அரையாண்டுல ஒரு பேப்பரை டீச்சர்ஸ் குரூப்ல போட்டீங்களாமே, பேரோட."

போட்டேன். 'நீர் சுழற்சி'க்கு ஒரு பையன் சைக்கிள் வரைந்திருந்த பேப்பர். சிரிப்பு ஸ்மைலிகளை நானே எண்ணியிருக்கிறேன்.

தேடி எடுத்தேன். அனைவருக்கும் நீக்க இரண்டரை நாள்தான் அவகாசம். இனி என் போனில் மட்டும்தான் அழியும். குரூப்பில் மன்னிப்புக் கேட்டு, அவரவர் போனிலும் அழிக்கச் சொல்லி எழுதினேன். டிக் இன்னும் நீலமாகவில்லை.

அந்தப் பேப்பர் பையன் ஏழாம் வகுப்பு 'பி'. நாளை முதல் பீரியட் எனக்கு அங்கேதான்.