மாரி மழையும் கட்டிவைத்த போட்டும்

மட்டக்களப்பு வாவியில் கட்டியிருக்கும் போட் ஒன்று தாண்டு போனால் ஊரில் எல்லோரும் வெள்ளத்தைத்தான் குறை சொல்வார்கள். ஆரையம்பதிப் பக்கம் இஞ்சின் திருத்துகிறவன் என்ற முறையில் நான் சொல்வது வேறு. மாரியில் என் கொட்டிலுக்கு வரும் நனைந்த இஞ்சின்களில் அநேகமானவை அலையிலோ காற்றிலோ அகப்பட்டவை அல்ல. போட்டுக்குள் நேரே விழுந்த மழைத் தண்ணீர்தான் காரணம். வாவி அசையாமல் கிடந்த இரவில், போட் கட்டிய இடத்திலேயே தாழ்ந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். பதினெட்டு அடி பைபர் போட்டின் திறந்த பகுதி ஏறக்குறைய ஆறு சதுர மீற்றர் வரும். வளிமண்டலவியல் திணைக்களம் 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்று அறிவிக்கும் நாளில் உள்ளே விழப்போவது 600 லீற்றர். மூன்று பெரிய பரல்களில் தண்ணீர் நிரப்பி போட்டில் ஏற்றிவிட்டு நித்திரைக்குப் போவது போல இது.

அந்தப் பாரம் போட் முழுக்கப் பரவி நிற்காது. இஞ்சின் இருப்பதால் பின்பக்கம் முன்பே தாழ்ந்திருக்கும், தண்ணீரும் அங்கேதான் ஓடிச் சேரும். இஞ்சின் மாட்டும் பலகையின் வெட்டு வாவி மட்டத்துக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகு மழையே தேவையில்லை. வாவி தானாக உள்ளே வரும். வாளியோடு ஓடி வருவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

அதனால் மழை அறிவிப்பைக் கேட்டவுடன் இஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு பேர் தூக்கினால் போதும். பின்பக்கத்துப் பாரமும் குறையும், பெறுமதியான சாமானும் கரையேறும். போட் தாழ்ந்தால் எடுக்கலாம். இஞ்சின் கெட்டால் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் தொழிலுக்குப் போக முடியாது. அது கடன் காசில் வாங்கியதாக இருந்தால் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

தறப்பாள் போடுகிறவர்கள் தட்டையாக இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அதன் நடுவே குளம் கட்டி, பாரம் தாங்காமல் கிழிந்து மொத்தமாக உள்ளே கொட்டும். முன்பக்கத்து அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு கமுகஞ் சிலாகையை உயர்த்திக் கட்டி, அதன் மேல் கூரை போலப் போட்டால் இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும். கரையில் இழுத்துவைக்க இடம் இருந்தால் இன்னும் நல்லது. அணியத்தை உயர்த்தி, அடித் தக்கையைக் கழற்றிவிட்டால் மழைத் தண்ணீர் தானாக வடியும். ஆனால் முந்தைய வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே வைத்தால் மட்டும்தான் தக்கையைக் கழற்றலாம். தாழ்ந்த கரையில் கழற்றி வைத்தால் வாவி ஏறும்போது அதே துவாரத்தால் உள்ளே வரும்.

கயிறு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மழை நின்ற பிறகும் வாவி ஏறும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால், நவகிரிக் குளத்துப் பக்கத்துத் தண்ணீர் வந்தால், வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் வெயில் எறிக்கும்போதே மட்டம் உயர்ந்துகொண்டிருக்கும். குட்டைக் கயிற்றில் கம்போடு இறுகக் கட்டிய போட் மேலே எழ முடியாமல் அணியத்தால் தண்ணீர் குடிக்கும். அப்புறம் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மண்திட்டை வெட்டிவிட்டால் எல்லாம் மறுபக்கம். வாவி விறுவிறுவென்று வற்றும், போட் ஒரு பக்கமாகச் சரிந்து கண்டல் வேரில் தொங்கும். தாராளமாகக் கயிறு விட்டு, முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் கட்டி, காலையும் மாலையும் போய்ப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியாது. வெள்ளத்தில் மிதந்து வரும் ஆற்றுவாழைக் கூட்டமும் கயிற்றில் மாட்டி போட்டை இழுத்துக்கொண்டு போகும். பார்த்த உடனே வெட்டித் தள்ளிவிடுங்கள்.

2024 நவம்பர் மழையின்போது ஒரு தம்பி விடியற்காலையில் போன் எடுத்தார். “அண்ணன், போட் தாண்டு போச்சு. இஞ்சினை எடுத்துட்டன். வெயில்ல வைக்கவா?”

“வைக்காத தம்பி. பரல்ல நல்ல தண்ணிய நிரப்பி, இஞ்சின்ர தலையை அதுக்குள்ள விட்டு வை. நான் வாறன்.”

அவர் நம்பவில்லை. யாரும் நம்புவதில்லை. ஆனால் தண்ணீருக்குள் இருக்கும்வரை இரும்பு மெதுவாகத்தான் கறள் பிடிக்கும். உப்பு ஒட்டியபடி வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் பேரிங்கில் கறள் ஓடத் தொடங்கும். உடனே திருத்த ஆள் இல்லையென்றால் நல்ல தண்ணீருக்குள் விட்டுவைப்பதுதான் பாதுகாப்பு. அந்த இஞ்சின் இன்றைக்கும் ஓடுகிறது.

கையில் சாவி இருந்தால் நீங்களே தொடங்கலாம். மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவுங்கள். பிளக்குகளைக் கழற்றி, பிளக் துவாரம் கீழே பார்க்கும்படி இஞ்சினைச் சரித்து, ஸ்டார்ட் கயிற்றை மெதுவாக இழுங்கள். உள்ளே நின்ற தண்ணீர் பீறிக்கொண்டு வரும். இழுக்கும்போது இறுகினாலோ தட்டினாலோ அங்கேயே நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது தாழ்ந்த இஞ்சினாக இருந்தால் உள்ளே பிஸ்டனைத் தள்ளும் றொட் வளைந்திருக்கலாம், ஏனென்றால் தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. நன்றாகச் சுற்றினால் கபரேட்டரை வடித்து, பழைய எரிபொருளைக் கொட்டிவிட்டுப் புதியது ஊற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டுச் சுற்றுங்கள். நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் என்றால் ஒயில் பாலாகியிருக்கும். ஒருமுறை மாற்றினால் போதாது, ஓட்டிப் பார்த்து மறுபடியும் மாற்ற வேண்டும். அன்றைக்கே ஸ்டார்ட் ஆக்கி அரை மணித்தியாலமாவது ஓட்டினால்தான் உள்ளே இருக்கும் ஈரம் போகும்.

தாழ்ந்த போட்டை எடுக்க அவசரப்பட்டு இழுவைக் கயிறு போட்டு இழுக்காதீர்கள், பைபர் வெடித்துவிடும். முதலில் வலை, நங்கூரம் எல்லாவற்றையும் இறக்குங்கள். மூடி இறுக்கிய வெற்றுக் கேன்களை இருக்கைகளுக்குக் கீழே கட்டினால் அவை தூக்கித் தரும். விளிம்பு தண்ணீருக்கு மேலே வந்ததும் பின்பக்கத்து வெட்டைப் பலகையால் அடைத்து இறையுங்கள். வயலுக்கு இறைக்கும் வாட்டர் பம்ப் கிடைத்தால் சில நிமிட வேலை. இறைத்த பிறகும் போட் பாரமாக இருந்தால் தளத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். அதை வடிக்காமல் தொழிலுக்குப் போகக் கூடாது.

இருட்டில் தனியாக இறங்க வேண்டாம். வெள்ளத்தில் முதலை கரையோரம் ஒதுங்கும். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இரவில் தாழ்ந்தாலும் எனக்குப் போன் எடுக்கலாம். இஞ்சினைத் துடைத்து அழகாக்கிக் கொண்டுவர வேண்டாம். பரலோடு, தண்ணீரோடு, லாண்ட்மாஸ்டரில் ஏற்றி வாருங்கள்.