வாடைக் கடலும் எண்ணெய் வண்ணமும்

நாங்கள் படித்த காலத்தில் எங்கள் கல்லூரியில் எண்ணெய் வண்ணத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. சித்திர பாடத்துக்கு ஆளுக்கொரு தகரப் பெட்டி, அதற்குள் வட்ட வட்டமாக வண்ணக் கட்டிகள். ஐப்பசியில் வாடைக்காற்று ஏறியதும் சித்திர மாஸ்டர் எல்லாப் பெட்டியிலிருந்தும் கறுப்புக் கட்டியைக் கத்திமுனையால் கிளப்பி எடுத்துத் தம் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டிவிடுவார். தவணை முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். "கறுப்பு கையில் இருந்தால் தம்பிமார் கடலைப் பார்க்க மாட்டீர்கள்" என்பார்.

பிறகு பருத்தித்துறை முனைக்கு அழைத்துப்போவார். தாளும் தூரிகையும் வகுப்பிலேயே இருக்கும். வெளிச்சவீட்டுப் பக்கம் நின்று, தூரத்தில் எழும் ஓர் அலையைத் தெரிந்தெடுத்து, அது முருகைக்கல்லில் மோதிச் சிதறும்வரை கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். உடைவதற்குச் சற்று முன் அலையின் மேல்விளிம்பு மெலியும். பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவும். ஒரு கணம் கண்ணாடிப் பச்சை. அதைக் கண்டவன் கையைத் தூக்கலாம். காணாதவனுக்கு அடுத்த அலை. படம் கீறுவது மறுநாள், நினைவிலிருந்து. வள்ளம், பனை, சூரியன் மூன்றுக்கும் தடை.

லண்டன் வந்து பல காலத்தின் பின் மாலை வகுப்பொன்றில் எண்ணெய் வண்ணம் பழகினேன். அல்ட்ராமரின் நீலத்தையும் பேர்ன்ட் சியன்னா மண்ணிறத்தையும் குழைத்தால், எந்தக் கறுப்பும் தராத சாம்பல் வரும்: நீலம் கூடினால் மழைமுகில், மண்ணிறம் கூடினால் கலங்கிய கரைநீர். நுரைக்கு வெள்ளையை அள்ளி அப்பக் கூடாது. நிழலில் நுரையும் ஊதா கலந்த சாம்பல்தான். தனி வெள்ளை இரண்டொரு இடத்தில், கத்தியால் ஓர் இழுப்பு. அதற்கு மேல் போனால் சவர்க்காரத் தண்ணீர் போலாகிவிடும். இந்த வண்ணம் நீர் வற்றிக் காய்வதும் இல்லை. அதில் குழைத்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஒட்சிசனை வாங்கி மெல்ல மெல்ல இறுகுகிறது. அதனால் அடிப்பூச்சு டர்ப்பன்டைன் என்ற கரைப்பான் கூட்டி மெல்லியதாக, மேற்பூச்சு எண்ணெய் கூடியதாக. மாற்றிச் செய்தால் பின்னால் பூச்சில் வெடிப்பு விழும்.

புயற்கடல் என்றால் எல்லோரும் ஆங்கில ஓவியர் டர்னரைச் சொல்வார்கள். 1842இல் அவர் காட்சிக்கு வைத்த பனிப்புயல் படத்தின் முன் நானும் நின்றிருக்கிறேன். ஆனாலும் என் மனம் ஜோன் ஏர்ட்லி என்ற பெண் ஓவியரிடம்தான். ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கட்டர்லைன் என்ற சின்னக் கிராமத்தில், புயல் வந்தால் பலகையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடியவர். 1961இல் தீட்டிய 'அலை' படத்தில் எண்ணெய் வண்ணத்தோடு மணற்பரலும் கலந்திருக்கிறது. 1963இல், 42 வயதில் போய்விட்டார். அவரும் எங்கள் மாஸ்டரும் சந்தித்திருந்தால் ஒன்றில் முரண்பட்டிருப்பார்கள்: அவர் கடலுக்கு முன்னே நின்று தீட்டியவர், மாஸ்டருக்கோ நினைவிலிருந்து கீற வேண்டும். எனக்குக் கைவந்தது மாஸ்டர் வழி. தேம்ஸ் நதிக்கரையில் வாடைக் கடலுக்கு எங்கே போவது?

கடந்த பழைய மாணவர் சங்க இராப்போசனத்தில் என் படமொன்றை மண்டபத்தில் மாட்டியிருந்தார்கள். மூத்த அண்ணர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். "முனைதான். ஆனால் தம்பி, அலை இவ்வளவு கிட்ட வந்து உடையாது."

"மாரியில் நீர் ஏறி நிற்கும்போது வரும், அண்ணை."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தம் வகுப்புத் தோழர்களையும் கூட்டி வந்தார். கொத்துரொட்டி ஆறிப்போனது, வழக்கு முடியவில்லை. சங்க மலர்க் குழுவினர் மனம் வைத்து அந்தப் படத்தை இப்பக்கத்தில் அச்சிட்டால், முனையில் வளர்ந்தவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.