மளமளவென்று போட்ட ‘இல்லை’கள்

ஏழெட்டு முறை இரத்த தானம் செய்த பிறகும், ஊசி ஏற்றுவதற்கு முன் தரப்படும் படிவத்தை நான் ஒழுங்காகப் படித்ததில்லை. எப்படியும் சோதித்துத்தானே ஏற்றப்போகிறார்கள் என்ற எண்ணத்தில், எல்லாக் கேள்விகளுக்கும் மளமளவென்று ‘இல்லை’ என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். முதலில் வெளியேறும் சிறிதளவு இரத்தம் பெரிய பைக்குப் போகாமல் பக்கவாட்டில் தொங்கும் ஒரு குட்டிப் பையில் சேர்வதையும், அதிலிருந்து சோதனைக் குழாய்களை நிரப்பிப் பையில் உள்ள அதே எண்ணை அவற்றிலும் ஒட்டுவதையும் பார்க்கும்போது அந்த நம்பிக்கை இன்னும் கூடும்.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி. எச்.ஐ.வி.க்கான எலிசா பரிசோதனை 1985-இல் வந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் 1989-இல்தான் கண்டறியப்பட்டது. அதுவரை இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வந்த அந்த மஞ்சள் காமாலையை ‘ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல’ என்றே மருத்துவர்கள் அழைத்தார்கள். இல்லாததைச் சொல்லி ஒரு நோய்க்குப் பெயர் வைத்த விந்தை அது. ஆனால் எந்தச் சோதனைக்கும் ஒரு குருட்டுக் காலம் உண்டு. கிருமி உடலில் நுழைந்த பிறகு, அதை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புரதங்கள் சோதனையில் தென்படும் அளவுக்குப் பெருக எச்.ஐ.வி.யில் ஏறக்குறைய மூன்று வாரங்களும், ஹெபடைடிஸ் சி-யில் இரண்டு மாதங்களுக்கு மேலும் ஆகலாம். வைரஸின் மரபுப்பொருளையே நேரடியாகத் தேடும் ‘நாட்’ பரிசோதனை இந்த இடைவெளியைப் பெரிதும் சுருக்குகிறதே தவிர, இல்லாமல் ஆக்கிவிடுவதில்லை. மெதுவாகப் பெருகும் ஹெபடைடிஸ் பி-யில் அந்த இடைவெளி மற்ற இரண்டையும்விட நீண்டே இருக்கிறது.

அப்படியானால் பையைச் சில வாரங்கள் வைத்திருந்து, கொடையாளரை மறுபடி சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாமே என்று கேட்டேன். இரத்தத்தின் திரவப் பகுதியான, உறைய வைக்கும் பிளாஸ்மாவில் அது முடியும், சில இடங்களில் செய்யவும் செய்கிறார்கள் என்றார் இரத்த வங்கியில் இருந்த பரிசோதகர். இரத்தக் கசிவை நிறுத்த உதவும் பிளேட்லெட்டுகளுக்கோ பொதுவாக ஐந்து நாள்தான் ஆயுள். அதுவும் அறை வெப்பத்தில், ஓயாமல் ஆடும் தட்டின் மேல். ஆகவே அந்தச் சில நாள்களில் தொற்றைப் பற்றி ஏதேனும் துப்புத் தரக்கூடியவர் கொடையாளர் ஒருவர்தான். படிவம் இருப்பது அதற்காகவே. தனக்குத் தொற்று இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம் என்று தானம் கொடுக்க வருபவர்களை நினைத்துத்தான் அவர் அதிகம் அஞ்சுகிறார். வீடு திரும்பிய பிறகு ஏதேனும் நினைவுக்கு வந்தாலும் அழைத்துச் சொன்னால் போதும், அந்த எண் கொண்ட பையை ஒதுக்கிவிடுவார்களாம்.

அடுத்த முறை படிவத்தை வரி வரியாகப் படித்தேன். பச்சை குத்திக்கொண்டதுண்டா என்ற கேள்விக்கு, இரண்டு வாரங்களுக்கு முன் மணிக்கட்டில் குத்திக்கொண்ட சிறு இலையை நினைத்து ‘ஆம்’ என்று எழுதினேன். சில மாதங்கள் கழித்து வரச் சொல்லி, ஊசி குத்தாமலே அனுப்பிவிட்டார்கள்.